ஹலோ அக்காவும் மைக் விழுங்கிய குரலும்

அந்தக் கட்டடத்தின் படிக்கட்டுக்கு அடியில் ஒரு கடை இருக்கிறது. கடை என்பது மரியாதைக்குச் சொல்வது. ஒரு மேசை, ஒரு நாற்காலி, கழுத்தை எந்தப் பக்கமும் வளைத்துக் கொடுக்கிற ஒரு விளக்கு, வந்தவர் உட்கார ஒரு முக்காலி, இவ்வளவுதான் சொத்து. நிமிர்ந்தால் மேல்படி நடுமண்டையில் குட்டும். அதனால் எவ்வளவு பெரிய அதிகாரியானாலும் தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே வர வேண்டும். தெருவிலிருந்து பார்த்தால் எல்லோரும் யாரோ மகாராணியை வணங்க வருவது போலிருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் அந்த மரியாதையை ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

அவருக்குப் பெயர் ஹலோ அக்கா. லேப்டாப்பில் பாட்டு கேட்கவில்லை, பேசினால் எதிர்ப்பக்கம் போகவில்லை, கொரகொரக்கிறது, கீச்சிடுகிறது, நேற்றுவரை நன்றாகப் பேசியது இன்றைக்கு ஊமையாகிவிட்டது என்று சத்தம் சம்பந்தப்பட்ட எந்த வியாதிக்கும் அவர்தான் வைத்தியர். அப்போதெல்லாம் காலையில் கடை திறந்தது முதல் ஒவ்வொரு லேப்டாப்பிடமும் குனிந்து, "ஹலோ... ஹலோ... கேக்குதா? ஹலோ!" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். மாடியில் வக்கீல் ஆபீசுக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி, கீழே ஒரு பாவப்பட்ட மனைவி பதிலே பேசாத புருஷனோடு போனில் மல்லுக்கட்டுகிறாள் என்று நினைத்து, ஆறுதல் சொல்ல இறங்கியே வந்துவிட்டாள்.

உடைந்த ஸ்க்ரீனை அக்காவிடம் கொண்டுபோகக் கூடாது. அதற்குப் படிக்கட்டின் அந்தப் பக்கம் ஸ்க்ரீன்காரர் இருக்கிறார். "கண்ணுக்கு அவரு, காதுக்கும் தொண்டைக்கும் நானு. ரெண்டு பேரையும் சேர்த்தா ஒரு முழு ஆஸ்பத்திரி" என்பார் அக்கா. ஸ்க்ரீன்காரர் வயதில் மூத்தவர். ஆனாலும் அவர் இவரை அக்கா என்பார், இவர் அவரை அண்ணே என்பார். இவர்களில் யார் பெரியவர் என்று கேட்டுக் குழம்பாத வாடிக்கைக்காரர் கிடையாது.

அக்கா எடுத்த எடுப்பில் ஸ்க்ரூடிரைவரைத் தொட மாட்டார். முதலில் விசாரணை.

"எப்பலேர்ந்து கேக்கல?"

"தெரியலக்கா. நான் ஒண்ணும் பண்ணல. தானாவே போயிடுச்சு."

"தானா போறதுக்கு அதுக்கென்ன காலா இருக்கு? நல்லா யோசிச்சுச் சொல்லு. கடைசியா எதைச் சொருகின, எதைப் பிடுங்கின?"

பாதி வழக்குகள் இந்த விசாரணையிலேயே தீர்ந்துவிடும். ஹெட்போன் முனை உள்ளே முறிந்து மாட்டிக்கொண்டிருக்கும்; எஜமானர் இன்னும் ஹெட்போனில்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்பி, லேப்டாப் அடக்க ஒடுக்கமாக வாயை மூடிக்கொண்டிருக்கும். மை தீர்ந்த பேனாக் குழாயின் நுனியைச் சூடாக்கி, முறிந்த முனைமேல் ஒட்டவிட்டு, ஆறியதும் பல் பிடுங்குவது போல ஒரே இழுப்பில் அக்கா வெளியே எடுத்துவிடுவார். வேறு சிலர் கேமராவை மறைக்கிறேன் பேர்வழி என்று பக்கத்திலிருக்கும் மைக் துளையின்மேல் ஸ்டிக்கரை ஒட்டி வைத்திருப்பார்கள். "கண்ணை மூடுன்னா மூக்கை அடைச்சிருக்கியே" என்று நகத்தால் கீறி எடுப்பார்.

இன்னும் சிலர் சத்தத்தை நிறுத்தும் பொத்தானைத் தெரியாமல் அமுக்கிவிட்டு, ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று முகம் வெளுத்து ஓடி வருவார்கள். ஒரு தட்டுத் தட்டினால் போதும். அக்கா அவர்கள் கண்ணெதிரில் அதைச் செய்ய மாட்டார். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "ம்ம்" என்று முனகி, விளக்கை இப்படியும் அப்படியும் வளைத்து, பிரஷ்ஷால் நாலு இழுப்பு இழுத்த பிறகுதான் அந்தப் பொத்தானைத் தொடுவார். "சின்னக் கோளாறுதான், போய்ட்டு வாங்க." வந்தவர் மானத்தோடு வீடு போய்ச் சேருவார்.

"எதுக்குக்கா இந்த நாடகம்?" என்று ஸ்க்ரீன்காரர் ஒருமுறை கேட்டார்.

"லேப்டாப்ப மட்டும் சரிபண்ணி அனுப்பினாப் போதுமாண்ணே? கொண்டுவந்த ஆளும் முழுசாத் திரும்பிப் போகணும்ல?"

கணக்குப் பாட வீடியோ போட்டு டியூஷன் எடுக்கும் ஒரு வாத்தியாருடைய கதை இன்னும் விசேஷம். அவர் லேப்டாப்பில் சத்தமே இல்லை. ஆனால் அக்கா பார்த்தால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. சத்தம் கம்பியில்லாமல் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுச் சமையலறை ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்த வீட்டம்மா, தன் சமையலறை ஏதோ காரணத்தால் தனக்குப் பாடம் நடத்துகிறது என்று முடிவு கட்டி, யாரிடமும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அக்கா போய் அந்த இணைப்பைத் துண்டித்தபோது, "இன்னும் ரெண்டு பாடம்தான் பாக்கி, அதுக்குள்ள கெடுத்துட்டியே" என்று சண்டைக்கு வந்தாராம். இப்போது அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருபடிச் சமன்பாடு போடுகிறார். நம்பாதவர்கள் ஒரு வெங்காயத்தோடு போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா இந்தத் தொழிலுக்கு வந்ததே காது வழியாகத்தான். கல்யாணமான புதிதில் ஒரு பெரிய கம்பெனியில் போனில் புகார் கேட்கும் வேலை. தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முகம் தெரியாத மனிதர்களிடம் சாயங்காலம்வரை திட்டு வாங்க வேண்டும். ஹெட்போன் கெட்டால் புதியது லேசில் வராது. வாங்குகிற திட்டாவது தெளிவாகக் கேட்கட்டும் என்று அக்கா தானே அதைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு பக்கத்து நாற்காலிக்காரியுடையதை, பிறகு வரிசை முழுவதையும். கம்பெனியை மூடிய அன்று மற்றவர்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, அக்கா கிளம்பிப்போய் ஒரு சால்டரிங் அயர்ன் வாங்கி வந்தார்.

அந்த வேலை அவருக்குக் கொடுத்தனுப்பிய சீதனம்தான் அவருடைய ஹலோ. கணீரென்று, நீளமும் இல்லாமல் குட்டையும் இல்லாமல், எய்த அம்பு போல நேராகப் போய் நிற்கும். "என் ஹலோவுக்கு அசையாத மைக், மைக்கே இல்ல" என்பார். லேப்டாப்பைச் சரிபார்த்து முடித்ததும் கடைசியாக ஒரு ஹலோ. அது போனபடியே திரும்பி வந்தால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

இன்றைக்கு அங்கே போய்ப் பாருங்கள், அக்கா ஹலோ சொல்வதே அபூர்வம். லேப்டாப் யாருடையதோ அவரையே பேசச் சொல்கிறார். கூச்சப்பட்டால் சீண்டிவிட்டாவது பேச வைக்கிறார். அந்த ஹலோவைக் கைவிட வைத்தவர் ஒரு பஸ் கண்டக்டர்.

கண்டக்டர் என்றால் சாதாரணக் கண்டக்டர் இல்லை. தண்ணித்தொட்டியில் கிளம்பி, பழைய மார்க்கெட், ஆஸ்பத்திரி, ரயில் கேட் வழியாகக் கடைசி ஸ்டாப் போகும் பஸ்ஸில் தலை நரைக்கும்வரை நின்றுகொண்டே பயணம் செய்தவர். விசில் அவர் சட்டைப்பையில் அழகுக்குத் தொங்கியது. அவர் "போலாம்!" என்றால் எதிர்த்திசை பஸ்ஸும் சேர்ந்து கிளம்பும். "படியில நிக்காதே, உள்ள போ!" என்றால் பஸ்ஸில் இருப்பவர்கள் மட்டுமல்ல, ரோட்டோரக் கடை வாசலில் நிற்கிறவர்களும் கடைக்குள் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட தொண்டை.

ஒருநாள் முற்பகல் அவருடைய மனைவி, துவாலையில் பச்சைக் குழந்தையைச் சுற்றுவது போல ஒரு லேப்டாப்பைச் சுற்றி அணைத்துக்கொண்டு, படிக்கட்டுக்கு அடியில் குனிந்து வந்தார்.

"நீதானேம்மா ஹலோ அக்கா?"

"நான்தாம்மா. உக்காருங்க. தலை, தலை, பார்த்து!"

அந்த அம்மா முக்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, துவாலையைப் பிரிக்காமலே பேச ஆரம்பித்தார். வீட்டுக்காரருக்கு வாதம் வந்து கையும் நாக்கும் விழுந்துவிட்டன. கை மெதுவாகத் திரும்பி வந்துவிட்டது. நாக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண், வாரம் ஒருமுறை இந்த லேப்டாப்பில் வந்து சொல்லிக்கொடுக்கிறாள். வெளியூரில் இருக்கிற மகன் அதற்காகவே வாங்கி அனுப்பியது.

"அவர் சொல்றது எனக்குக் கேக்குதும்மா. தண்ணி கேக்கறார், ஜன்னலைச் சாத்துங்கறார், என்னைத் திட்டக்கூட செய்யறார். ஆனா அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமே கேக்கல. 'நல்லா முயற்சி பண்றீங்க ஐயா, நல்லா முயற்சி பண்றீங்க'ன்னு இதையேதான் சொல்லிட்டிருக்கா. இந்த வாரமும் முன்னேற்றம் இல்லன்னா நிறுத்திட்டு, அந்த இடத்தை வேற ஆளுக்குக் கொடுக்கணுமாம். அவளையும் குத்தம் சொல்ல முடியாது, எத்தனையோ பேர் காத்துக்கிட்டிருக்காங்க."

துவாலையின் ஓரத்தைத் திருகினார்.

"இத்தனை வருஷம் கூடவே இருந்தவ. அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிஞ்சுடும். அதனால நானாத்தான் கேக்கற மாதிரி நினைச்சுக்கறேனோன்னு பயமா இருக்கு. மெஷின்ல கோளாறா, இல்ல அவருக்குக் குரலே வரலயா? நீ பார்த்து ஒண்ணு சொல்லும்மா."

அக்கா லேப்டாப்பை வாங்கினார். மைக் துளையைப் பிரஷ்ஷால் சுத்தம் செய்தார். எந்த மைக்கைக் கேட்க வேண்டும் என்று லேப்டாப்புக்குச் சரியாகச் சொல்லியிருக்கிறதா என்று பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒரு ஹலோ சொல்லிப் பதிவு செய்து, ஓடவிட்டார். கணீரென்று திரும்பி வந்தது. அதோடு விட்டாரா? அந்தப் பேச்சுப் பயிற்சி நடக்கிற அதே ஆப்பிலிருந்து, படிக்கட்டின் மறுபக்கம் இருந்த ஸ்க்ரீன்காரரின் போனுக்கு அழைத்து, "ஹலோ, அண்ணே, கேக்குதா?" என்றார்.

"போன்ல வேற கேக்கணுமாக்கா? இங்க நேராவே காது கிழியுது!"

"போன்ல எப்படி இருக்குன்னு சொல்லுங்கண்ணே."

"மணி அடிச்ச மாதிரி இருக்கு."

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. லேப்டாப்பை அந்த அம்மா பக்கம் திருப்பி வைத்தார். "மைக்குக்கு ஒண்ணுமே இல்லம்மா. தங்கமா இருக்கு. தைரியமா எடுத்துட்டுப் போங்க."

நல்ல செய்தி சொல்கிறோம் என்றுதான் சொன்னார். அந்த அம்மா, "அப்படியா? சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, லேப்டாப்பை மறுபடி துவாலையில் சுற்றினார். கொண்டுவந்தபோது சுற்றியிருந்த மாதிரி இல்லை. ஏதோ பாத்திரத்தைச் சுற்றுவது போலச் சுற்றினார். அக்கா அதைக் கவனித்தாரே தவிர, அதற்குள் அடுத்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டார்.

அக்காவின் கணவர் பேக்கரியில் அடுப்படி வேலை பார்ப்பவர். காது மடலுக்குப் பின்னால் மாவு ஒட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். கோழிக்கு முன்னால் எழுந்து போகிற மனிதர் என்பதால், வெளிச்சம் இருக்கும்போதே இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். நாளெல்லாம் ஹலோ ஹலோ என்று கத்திவிட்டு வருகிற அக்காவுக்கு அது பெரிய உபகாரம். இரண்டு நாள் கழித்து, அதிசயமாக அவராகவே வாயைத் திறந்தார்.

"ரொட்டி வாங்க ஒரு அம்மா வந்தாங்க. கண்டக்டர் வீட்டம்மா. உனக்கு நன்றி சொல்லச் சொன்னாங்க."

"எதுக்கு?"

"மெஷின் நல்லாத்தான் இருக்குன்னு நீ தெளிவா சொல்லிட்டியாம். சந்தேகம் தீர்ந்துச்சாம். அதை அவர்கிட்டயும் சொல்லிட்டாங்களாம். அப்போ மூஞ்சைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டவர்தான், அதுக்கப்புறம் தண்ணிகூடக் கையைக் காட்டித்தான் கேக்கறாராம். நாளைக்குப் பகல்ல அந்த ஆஸ்பத்திரிப் பொண்ணு வரும்போது, இனிமே வேண்டாம்னு சொல்லிடப் போறாங்களாம்."



"நான் நல்லாத்தாங்க பார்த்தேன். பதிவு பண்ணிப் பார்த்தேன். அண்ணனுக்குப் போன் போட்டுப் பார்த்தேன்."

"யாரைப் பேச வெச்சுப் பார்த்த?"

"நான்தான் பேசினேன். வேற யாரு பேசுவா?"

அவர் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு நிதானமாகச் சொன்னார். "உன் குரல் எங்க அடுப்புக்குள்ள இருக்கற ரொட்டிக்கே கேக்கும். அதை வெச்சு என்னத்தைப் பார்க்கறது?"

வேறு சமயமாக இருந்தால் இதற்குப் பதிலாக அக்கா அவரை ஒரு வழி பண்ணியிருப்பார். தன் ஹலோ போய்த் திரும்பி வந்த வழியில் இன்னொருவருடைய குரலும் போய்த்தான் தீர வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வி தனக்குத் தோன்றவே இல்லையே என்று சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் காலை அக்கா கடையைத் திறக்கவில்லை. ஸ்க்ரீன்காரரிடம், "யாராவது வந்தா, காதுக்கு இன்னிக்கு லீவுன்னு சொல்லுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, கண்டக்டர் வீட்டுக்குப் போனார்.

மாடியில் ஒரே அறை, பின்னால் சிறிய சமையற்கட்டு. ஜன்னல் நேராக ரோட்டைப் பார்த்து இருந்தது. ஒவ்வொரு பஸ் போகும்போதும் அலமாரியில் டம்ளர்கள் மெல்ல ஒன்றோடொன்று பேசிக்கொண்டன. தலைக்குமேல் ஒரு ஃபேன், பழைய மாவு மில் போல இரைந்துகொண்டு சுற்றியது. மேசையில் இரண்டு தலையணைகளை அடுக்கி அதன்மேல் லேப்டாப்பை வைத்திருந்தார்கள். கண்டக்டர் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். முதுகுதான் தெரிந்தது. கோபித்துக்கொண்ட முதுகு.

"அம்மா, நான் அன்னிக்குச் சொன்னது தப்பு" என்றார் அக்கா நுழைந்ததும். "என் குரலை வெச்சுப் பார்த்தேன். ஐயா குரலை வெச்சுப் பார்க்கல. ஒரே ஒருதடவை அவரைப் பேசச் சொல்லுங்க."

"அவர் எங்கம்மா பேசறார்? நான் கெஞ்சிப் பார்த்துட்டேன். அழுதும் பார்த்துட்டேன்."

அக்கா அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு லேப்டாப்பில் பதிவு பண்ணுகிற பொத்தானை அமுக்கிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, கண்டக்டர் மாதிரியே கத்த ஆரம்பித்தார்.

"தண்ணித்தொட்டி எல்லாம் ஏறியாச்சா? போலாம்! அடுத்து ஆஸ்பத்திரி! ஆஸ்பத்திரி இறங்கறவங்க முன்னால வாங்க! அதுக்கப்புறம் ரயில் கேட்! ரயில் கேட் தாண்டிப் பழைய மார்க்கெட்!"

முதுகு லேசாக அசைந்தது.

"பழைய மார்க்கெட் தாண்டி மறுபடியும் ஆஸ்பத்திரி!"

நாற்காலி கிறீச்சிட்டுத் திரும்பியது. ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட வாயோடு, கழுத்து நரம்பு புடைக்க, கண்டக்டர் கையை ஓங்கினார். உள்ளேயிருந்து கரகரவென்று தாழ்ந்த ஒரு சத்தம், இழுத்து இழுத்து வெளியே வந்தது.

"ஆஆ... க்கெட்... ஒழ்ழ... ஒதல்ல... ஆக்கெட்டு!"

"ஐயோ, அப்படியா? மார்க்கெட் தாண்டித்தான் ஆஸ்பத்திரியா? நான் இத்தனை நாளும் தப்பாவே இறங்கிட்டிருந்தேனா?"

"எழ்ழா... தலகீழு!" என்றார் கண்டக்டர். அது தெளிவாகவே கேட்டது. சமையற்கட்டு வாசலில் நின்ற அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்கா பதிவை ஓடவிட்டார். தண்ணித்தொட்டி கணீரென்று வந்தது. ஆஸ்பத்திரி இரண்டு முறையும் வந்தது. பிறகு ஒரு மௌனம். கிணற்றுக்குள் எட்டிப்பார்ப்பது போன்ற மௌனம். பிறகு அக்காவின் "ஐயோ, அப்படியா?" கண்டக்டர் பேசிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அக்கா இன்னொரு விஷயத்தையும் கவனித்தார். பழைய மாவு மில் போல இரைந்துகொண்டிருந்த ஃபேனையும் காணோம்.

"இந்த ஃபேன் எங்கம்மா போச்சு?"

"மேலதானே சுத்துது?"

"மேல சுத்துது. உள்ள இல்லயே!"

அக்காவுக்கு இப்போது நூல் கிடைத்துவிட்டது. மைக்குக்கான பக்கத்தைத் திறந்தார். அங்கே ஒரு நீளமான கட்டம். சத்தம் வந்தால் அதில் பச்சைக் கோடு துள்ளும். அந்த அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அதற்கு முன்னால் நிறுத்தினார்.

"ஐயா, இன்னொருதடவை திட்டுங்க. இந்தத் தடவை இவங்களைத் திட்டினாலும் சரி."

கண்டக்டர் திட்டினார். ஃபேன் சத்தத்துக்கு அடியில் லேசாக அசைந்துகொண்டிருந்த பச்சைக் கோடு விருட்டென்று எழுந்து, பாதிக் கட்டத்தைத் தாண்டி, நடுங்கி நின்று, பிறகு இறங்கியது.

"பாருங்கம்மா. அவர் வாயைத் திறந்தப்போதான் அது எழுந்துச்சு. மூடினதும் படுத்துடுச்சு. குரல் வருது. மைக் வரைக்கும் போகுது. அதுக்கு அப்புறம்தான் எவனோ உள்ள உக்காந்துக்கிட்டு அதைப் பிடிச்சு வெளிய தள்ளறான்."

அந்த அம்மா கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது பொய் சொல்லாதா?"

"பொய் சொல்றதுக்கு இதுக்கும் அவருக்கும் என்ன உறவு? இத்தனை வருஷம் கூடவே குடும்பம் நடத்திச்சா? அவர் முகம்கூட இதுக்குத் தெரியாது. இதுக்கே கேக்குதுன்னா, உங்களுக்குக் கேட்டது நிஜம்தாம்மா."

அந்த அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். மடியில் கையை வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல், "நிஜம்தான்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டார்.

உள்ளே உட்கார்ந்து தள்ளிக்கொண்டிருந்தவனைக் கண்டுபிடிப்பது அதற்கப்புறம் பெரிய வேலையில்லை. இரைச்சலை வடிகட்டுகிற ஓர் ஏற்பாடு அந்த லேப்டாப்பில் இருந்தது. யாரும் அதைப் போடவில்லை. வரும்போதே அப்படித்தான் வந்திருந்தது. "ஃபேன், மோட்டார், ரோட்டுச் சத்தம் எல்லாத்தையும் எடுத்துட்டு, பேச்சை மட்டும் விடறதுக்காக வெச்சது" என்று அக்கா விளக்கினார். "நல்ல சாமான்தான். ஆனா அதுக்குப் பேச்சுன்னா என்னை மாதிரி வெடுக்வெடுக்னு பேசறதுதான் பேச்சு. ஐயா குரல் இப்போ தாழ்ந்து, ஒரே இழுப்பா வருது. இதுவும் ஏதோ மோட்டார்னு நினைச்சு, ஃபேனோட சேர்த்து இவரையும் கூட்டித் தள்ளிடுச்சு."

அணைத்தார். மறுபடி பதிவு. இந்த முறை லேப்டாப்பிலிருந்து ஃபேன் கர்ஜித்தது, பஸ் உறுமியது, டம்ளர்கள் கிலுகிலுத்தன. அத்தனைக்கும் நடுவில், நெரிசல் பஸ்ஸில் முண்டியடித்து வருகிற ஆள் மாதிரி, கண்டக்டரின் குரல் வந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். வாதம் வந்த பிறகு தன் குரலை வெளியிலிருந்து அவர் கேட்பது அதுவே முதல் தடவை.

"இழ்வா... நானு?"

"நீங்கதான்" என்றார் மனைவி.

கண்டக்டர் முகத்தைச் சுளித்தார். "ஓட்ட... அஸ்ஸு."

"ஓட்டை பஸ்ஸா இருந்தா என்னங்க? ஓடுதில்ல?" என்றார் மனைவி.

பேச்சுப் பயிற்சியாளர் திரையில் வந்தபோது மூன்று பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சின்ன வயது, களைத்த கண், மென்மையான குரல். "வணக்கம் ஐயா. இன்னிக்கு எப்படி இருக்கீங்க?"

கண்டக்டர் பதில் சொன்னார். பயிற்சியாளர் புன்னகையோடு காத்திருந்தார். பிறகு அந்தப் புன்னகை அப்படியே கொஞ்சம் தளர்ந்தது. "பரவாயில்லங்கய்யா. நல்லா முயற்சி பண்றீங்க."

அந்த அம்மா அக்காவைத் திரும்பிப் பார்த்தார். லேப்டாப்பில் இருந்ததை அணைத்தாயிற்று, கோடு துள்ளுகிறது, ஆனாலும் அந்தப் பக்கம் போய்ச் சேரவில்லை.

"மேடம், ஒரு நிமிஷம்" என்று குறுக்கே புகுந்தார் அக்கா. "நான் இந்த மெஷினைப் பார்க்கறவ. ஐயா பேசறார். சத்தியமா பேசறார். இந்த லேப்டாப் அதை இரைச்சல்னு வடிகட்டிட்டிருந்துச்சு, அதை நிறுத்திட்டேன். இந்த ஆப்புக்குள்ளயும் அதே மாதிரி இன்னொண்ணு இருக்கணும். போன மாசம் ஆப்பைப் புதுசா மாத்தினதுலேர்ந்து அதை எங்க வெச்சிருக்கான்னே தெரியல."

பயிற்சியாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். களைத்த கண் சட்டென்று விழித்துக்கொண்டது. "கீழ மூணு புள்ளி இருக்கா பாருங்க. அதைத் தொடுங்க. அதுல ஆடியோ... அதுக்குள்ள கடைசியா ஒண்ணு இருக்கும். நாள் பூரா இதுலதானே உக்காந்திருக்கேன், இதை நான் யோசிக்கவே இல்லையே."

"நானும்தான் மேடம்" என்று சொல்லிக்கொண்டே அக்கா அந்தக் கடைசி ஒன்றை அணைத்தார்.

திரையில் பயிற்சியாளர் காதைப் பொத்தினார். "அப்பா! அங்க என்ன மில்லா ஓடுது?"

"ஃபேன் மேடம்! நிறுத்திடறோம்!" அந்த அம்மா எழுந்து ஓடிப்போய் ஃபேனை அணைத்தார். அது இரண்டு சுற்று முனகிவிட்டு நின்றது. அறை வெறும் அறையாக ஆனது.

"இப்போ சொல்லுங்கய்யா. எது வேணாலும் சொல்லுங்க. பஸ்ல என்ன சொல்வீங்களோ அதையே சொல்லுங்க."

கண்டக்டர் மூச்சை இழுத்தார். மேசையின் விளிம்பைக் கம்பி மாதிரிப் பிடித்துக்கொண்டார்.

"...டியிழ... நிக்காழே... உள்ள... ஓ!"

பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு முன்னால் குனிந்தார். அவர் குரலில் இருந்த மென்மை எங்கேயோ போய்விட்டிருந்தது.

"'படி'ன்னு சொல்லணும். 'டி'தான் வருது. 'போ'வும் வரல, வெறும் 'ஓ'தான் வருது. உதடு மூடவே இல்ல. சோம்பேறித்தனம் பண்றீங்க. இவ்வளவு நாள் நான் உங்களுக்கு நாக்குக்குத்தான் பயிற்சி கொடுத்துட்டிருந்தேன், உதட்டை விட்டுட்டேன். வாரம் ஒருதடவை போதாது, ரெண்டுதடவை வரணும். சரியில்ல, மறுபடி சொல்லுங்க."

கண்டக்டர் மனைவியைப் பார்த்தார். அந்தக் காலத்தில் அவரைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்ல அந்த ரூட்டில் ஒரு டிக்கெட் செக்கருக்குக்கூடத் தைரியம் இருந்ததில்லை. அந்த அம்மாவோ கண்ணில் நீர் வழிய, தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"கேட்டியா? திட்டறாங்க!" என்றார் அக்காவின் கையைப் பிடித்து உலுக்கி. "அவரைத் திட்டறாங்கம்மா!"

"ஐயா, அங்க என்ன பார்வை? இங்க பாருங்க" என்றது லேப்டாப். "'ப'. உதட்டை நல்லா மூடித் திறங்க. மறுபடி."

கண்டக்டர் லேப்டாப்பை முறைத்தார். பிறகு, டிக்கெட் எடுக்காமல் ஏறியவனைப் பிடிக்கப்போகிற மனிதரைப் போல, உதடுகளை இறுக்கி மூடினார்.